தொலைந்த டிக்கெட் கவுன்ட்டர்

கார் பார்க்கிங்கில் டிக்கெட்டைத் தொலைத்தவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதைப் பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தியிடம்கூடப் பார்க்க முடியாது. தொலைத்தது அவன். கோபம் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கோகிலவாணி மேல். "இது என் வண்டி. என் வண்டிய எடுக்க நான் எதுக்கு முந்நூத்தம்பது ரூபா கட்டணும்?" என்று ஆரம்பிப்பான். "ஆர்.சி. காட்டுங்க சார்" என்றால், "காட்ட முடியாது, மேனேஜரக் கூப்பிடு" என்பான். பின்னால் நிற்கும் மனைவி, "காட்டித் தொலைங்களேன், ஐஸ்கிரீம் உருகுது" என்பாள். கடைசியில் காட்டுவான். தலைகீழாக நின்றாலும் காட்டாமல் அந்தத் தடுப்புக் கம்பம் மேலே ஏறாது.

இது குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு மேலேயே இருக்கும் ஒரு வணிக வளாகத்தின் கதை. மேலே நாலு மாடி கடைகள், கீழே இரண்டு மாடி கார்கள். டிக்கெட் கையில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு எழுபது ரூபாய். தொலைந்தால், வண்டி பத்து நிமிடம்தான் நின்றிருந்தாலும் முந்நூற்றைம்பது. ஏன் இந்த அநியாயம் என்று கேட்டால் காரணம் வைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் வண்டியைப் போட்டுவிட்டு, "டிக்கெட் தொலைஞ்சிடுச்சு, இப்பத்தான் வந்தேன்" என்று எழுபது ரூபாயை நீட்டும் சாமர்த்தியசாலிகள் உண்டு. அடுத்தவன் காரைத் தன் கார் என்று ஓட்டிக்கொண்டு போகிற மகானுபாவர்களும் உண்டு. அதனால் காசோடு ஒரு படிவமும் சேர்த்து வைத்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, வண்டியின் நிறம், வண்டியில் உள்ள அடையாளம், உள்ளே இருக்கும் பொருட்கள், அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர். எழுதி முடித்ததும் கோகிலவாணி எழுந்து, வந்தவரோடு வண்டி வரை நடந்து, சொன்ன பொருள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். முழுதாகச் செய்தால் பதினைந்து நிமிடம் ஆகும். இந்த ஊரில் பதினைந்து நிமிடம் பொறுக்கிற மனுஷன் எவன்? "எதையாவது எழுதிக்கம்மா" என்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓடுவார்கள். அவளும் எதையாவது எழுதிக்கொள்வாள்.

கோகிலவாணிக்கு வயது நாற்பத்தேழு. கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறாள். ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன புருஷன், பதினோரு வருஷமாக அந்த முதல் சம்பளத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறான். பிள்ளை இல்லை. காலையில் வீட்டுக்கார அம்மாள் "மோட்டார் போட்டாச்சு, தண்ணி பிடிச்சுக்க" என்பாள். ராத்திரி கேட்டைப் பூட்டும்போது "வந்துட்டியா" என்பாள். நடுவில் கீழ்த்தளத்தில் வெயில் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. திட்டுகிறவர்களைக் கழித்துவிட்டால் ஒரு நாளைக்கு அவளிடம் யாராவது பேசிய பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். அவள் இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தால் இந்தக் கஷ்டமே இல்லையே.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு ஜீவரத்தினம் வந்து நின்றார். எழுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் பேனா. "டிக்கெட்ட எங்கயோ விட்டுட்டேன் மேடம்" என்றார். கோபம் இல்லை, கத்தல் இல்லை. ஆர்.சி.யையும் லைசென்ஸையும் தானாகவே எடுத்து வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் படிவத்தை எடுத்து, வழக்கம்போல் விறுவிறுவென்று ஆரம்பித்தாள்.

"தகப்பனார் பேரு?"

"லாசரஸ். ரயில்வேல ஃபயர்மேனா இருந்தார். தாம்பரம் ஷெட்டுல."

"வண்டி கலர்?"

"சாம்பல்னு புக்குல போட்டிருக்கு. ஆனா வெயில்ல பாத்தா லேசா பச்சை அடிக்கும். நீங்க எப்படி எழுதணுமோ எழுதிக்குங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்விக்கு இவ்வளவு பதில் அவள் கேட்டதே இல்லை.

"அடையாளம் ஏதாவது?"

"இடது பக்கக் கதவுல ஒரு கீறல். என் சம்சாரம் ஓட்டக் கத்துக்கிட்டப்போ கேட்டுல உரசினது. பெயின்ட் அடிக்க விடமாட்டேன்னு சொல்லிட்டாங்க. அது என் கையெழுத்து, இருக்கட்டும்னாங்க." பிறகு, "அவங்க போயி மூணு வருஷம் ஆச்சு" என்றார்.

"உள்ள என்னென்ன சார் இருக்கு?"

"ஒரு குடை. தண்ணி பாட்டில். ஒரு லேடீஸ் செருப்பு, பின் சீட்டுக்கு அடியில."

"அவசரத்துக்கு யாருக்கு போன் பண்ணணும்?"

"அதுல ஒரு கோடு போட்டுடுங்க" என்றார்.

கோகிலவாணி கோடு போட்டாள். தன் பெயரில் யாராவது இப்படி ஒரு படிவம் நிரப்பினால் அந்த இடத்தில் தானும் இதைத்தான் சொல்வோம் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு இருவரும் வண்டி வரை நடந்தார்கள். பக்கத்திலேயே அத்தனை இடம் காலியாக இருக்க, மனுஷர் கடைசிக் கோடியில் நிறுத்தியிருந்தார். ரிவர்ஸ் எடுக்கப் பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குடை இருந்தது, பாட்டில் இருந்தது, செருப்பு இருந்தது. "ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு ருசித்தது.

அடுத்த புதன்கிழமை அதே பதினோரு மணி. "மறுபடியும் தொலைச்சுட்டேன் மேடம்." அட, வயதானால் மறதி வருவதுதானே! மறுபடியும் படிவம், மறுபடியும் லாசரஸ், மறுபடியும் கோடு. உள்ளே இருக்கும் பொருட்கள் மட்டும் மாறியிருந்தன. இந்தத் தடவை ஒரு ரேடியோவும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கும். மூன்றாவது வாரம் ஒரு டார்ச் லைட், ஒரு சுவர்க் கடிகாரம். நான்காவது வாரம் ஒரு கேரம் போர்டு! கோகிலவாணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கார்ல எதுக்கு சார் கேரம் போர்டு?"

"யாருக்காவது குடுத்துடலாம்னு எடுத்துட்டு வந்தேன். நாலு கடையில கேட்டேன். விளையாட எங்க சார் நேரம்ங்கறாங்க." அவரும் சிரித்தார். "நீங்க ஆடுவீங்களா மேடம்?"

"சின்ன வயசுல நல்லா ஆடுவேன் சார். எங்க தெருவுல என்னை ஜெயிக்க ஆள் கிடையாது."

இப்படி ஒரு பெருமையைத் தான் கடைசியாக எப்போது பேசினோம் என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்கப்புறம் அவளுடைய வாரம் புதன்கிழமையில் ஆரம்பித்துப் புதன்கிழமையில் முடிந்தது. செவ்வாய் ராத்திரி பூ வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைப்பாள். நாளைக்குக் காருக்குள் என்ன இருக்கும் என்று படுத்துக்கொண்டே யோசிப்பாள். இது அந்த மாதிரி ஆசை இல்லை. அப்படி யாராவது நினைத்தால் அவர்கள் வாயைக் கழுவ வேண்டும். ஒரு மனுஷர் உட்கார்ந்து, கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறார். அவளுடைய கேள்விகளுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. அதற்குத்தான் அந்தப் பூ.

ஏழாவது வாரம் குட்டை உடைத்தவள் கங்கம்மா. கீழ்த்தளத்தைக் கூட்டுகிறவள். ஜீவரத்தினம் போன கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"யக்கா, இத்தப் பாரு. லிஃப்டாண்ட குப்பைத் தொட்டில கெடந்துச்சு. நாலா மட்ச்சு போட்டுகினு பூட்டான் எவனோ. போன வாரமும் இதே மேரி ஒண்ணு கெட்ச்சுது. அதுக்கு மின்ன வாரமும். தெனிக்கும் கெடைக்கல, பொதங்கெயமதான் கெடைக்குது. இன்னாடா பேஜாரா கீதுன்னு பாத்தேன்."

டிக்கெட்டில் வண்டி நம்பர் அச்சாகியிருந்தது. அவருடைய நம்பர்.

கோகிலவாணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொலைக்கவில்லை. மடித்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து, தகப்பன் பெயரையும் கதவுக் கீறலையும் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். கூட்டம் இருக்காது, அவளுக்கு நேரம் இருக்கும் என்றுதான் புதன்கிழமை. நடக்கிற தூரம் கூடட்டும் என்றுதான் கடைசிக் கோடி. கங்கம்மா முன்னால் அழக் கூடாது என்று குனிந்து மேஜை டிராயரைத் திறந்து மூடினாள்.

இதோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. மறுநாள் சூப்பர்வைசர் ஜேசன் வந்தான். முப்பது வயதுப் பையன், நல்லவன்தான், ஆனால் கம்ப்யூட்டர் சொன்னதைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டான். "அக்கா, இந்த ஒரு நம்பர் ஏழு வாட்டி லாஸ்ட் டிக்கெட்ல வந்திருக்கு. ஏதோ ஃபிராடு மாதிரி தெரியுது. அடுத்த வாட்டி வந்தா எனக்கு சொல்லுங்க. கேமரா போட்டுப் பாத்து, ஆபீஸ்ல உக்கார வச்சு விசாரிச்சிடலாம்."

விசாரிக்கிறானாம்! அந்த மனுஷரை நாலு செக்யூரிட்டி சூழ நிற்கவைத்து, குப்பைத் தொட்டியில் டிக்கெட் போடுவதை டிவியில் ஓட்டிக் காட்டி, "ஏன் சார் போட்டீங்க?" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அதோடு இன்னொன்றும் உறுத்தியது. ஏழு முந்நூற்றைம்பது. பென்ஷன்காரர் காசு. பேசுவதற்கா ஒருத்தர் இவ்வளவு கொடுக்க வேண்டும்? இந்தப் புத்திசாலித்தனம்தான் அவளைக் கவிழ்த்தது. அவரை ஜேசனிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும், அந்த முந்நூற்றைம்பதிலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கங்கம்மாவிடம், "புதன்கிழமை அந்தத் தொட்டியப் பாத்துக்க, எதுவும் விழுந்தா உடனே கொண்டா" என்று சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை பத்தே முக்காலுக்கு டிக்கெட் அவள் கைக்கு வந்துவிட்டது. உள்ளங்கையால் நீவி நீவி மடிப்பை எடுத்து வைத்திருந்தாள். பதினோரு மணிக்கு அவர் வந்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முகத்தில் வழக்கத்தைவிட ஒரு குஷி. "என்ன மேடம், இன்னைக்கும் தொலைச்சுட்டேன். உள்ள என்ன இருக்குன்னு நீங்க கண்டுபிடிக்கவே முடியாது" என்றார்.

கோகிலவாணி சிரித்துக்கொண்டே டிக்கெட்டை அவர் பக்கம் தள்ளினாள். "கிடைச்சிடுச்சு சார்! எழுபது ரூபா போதும்."

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். மடிப்புகள் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"எங்க இருந்தது?"

"லிஃப்ட் பக்கத்துல சார். குப்பைத் தொட்டிகிட்ட தவறி விழுந்திருக்கு." தவறி என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள், அவருக்குக் கூச்சம் வேண்டாம் என்று.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப ஃபாரம் எழுத வேணாமா?" என்றார்.

"டிக்கெட்தான் இருக்கே சார். எதுக்கு ஃபாரம்?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்ல?"

"வேணாம் சார். உங்களைத்தான் தெரியுமே. நீங்க போங்க."

"ஓ" என்றார். "அப்ப சரி." எழுபது ரூபாயை எண்ணி வைத்தார். ஸ்டூலைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்தார். அவ்வளவு தூரமும் தனியாக நடந்து போனார். கோகிலவாணிக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை. ஒரு மனுஷருக்கு இருநூற்றெண்பது ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள், மானத்தையும் காப்பாற்றியிருக்கிறாள்! இனிமேல் அவர் சும்மாவே வந்து பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். பாவி, சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. யாரோ ஒரு பையன் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு வந்து கத்தினான். "அப்பா பேரு சொல்லுங்க" என்றதற்கு, "எங்கப்பனுக்கும் பார்க்கிங்குக்கும் என்னா சம்பந்தம்?" என்றான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காசு கொடுத்து ஒருத்தர் வாங்கிக்கொண்டிருந்ததை, காசு வேண்டாம் என்று சொல்லி அவள் பிடுங்கிவிட்டிருக்கிறாள். அதற்கடுத்த புதன்கிழமையும் அவர் வரவில்லை. மனசு கேட்கவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள அந்த மனுஷருக்கு ஒரு கோடுதானே இருக்கிறது? அதைவிட, உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்தப் புதன்கிழமை திரும்ப வேண்டும். மன்னிப்புக் கேட்டு, "இனிமே டிக்கெட்டோடவே வாங்க சார், நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க" என்று கூப்பிட வேண்டும். எட்டு வாரத்தில் வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஒரு ஆள். அவரை இழந்தால் மறுபடியும் மோட்டார், தண்ணீர், கேட்டுப் பூட்டு.

மூன்றாவது புதன்கிழமை லீவு போட்டாள். மற்ற நாளில் அவருக்கு என்ன வேலையோ, புதன்கிழமை சும்மாதான் இருப்பார் என்று கணக்கு. முகவரி ஏழு தடவை எழுதியது, மனப்பாடம். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினாள். பல்லாவரத்தில் ரயில் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து அரை கிலோ கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு, கேம்ப் ரோடு போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிச் சேலையூரில் இறங்கினாள். வழி நெடுக, கதவு திறந்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வீடு பூட்டியிருந்தது. கேட்டுக்கு உள்ளே கார் இல்லை. எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. அங்கே நின்று தேய்த்துக்கொண்டிருந்தவர் பெயர் பொன்னுசாமி என்று வண்டியிலேயே எழுதியிருந்தது.

"யார் வோணும்மா?"

"ஜீவரத்தினம் சார் வீடு இதானுங்களாண்ணா? சாருக்கு உடம்பு ஏதாவது..."

"ஒடம்பா? கல்லு மேரி கீறாரு. இன்னிக்குப் பொதங்கெயம ஆச்சே, காலீலயே சட்டைய வாங்கி மாட்டிகினு வண்டிய எட்துகினு பூட்டாரு."

"எங்கண்ணா?"

"வேளச்சேரி பக்கம் ஏதோ மாலாம். மின்ன குரோம்பேட்டதான் போய்கினு இருந்தாரு. இப்போ ரெண்டு மூணு வாரமா அங்க போறதில்ல."

கோகிலவாணி கொய்யாப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஏன் போறதில்லையாம்?"

"கேட்டேனே. அங்க இப்பல்லாம் ஒண்ணும் கேக்கறதில்ல பொன்னுசாமி, காச வாங்கிகினு போங்கன்னு அனுப்பிட்றாங்கன்னாரு. இன்னா கேக்கணும்னு இவருக்கு ஆச, எனக்குப் பிரியல." பெட்டியைத் தூக்கி ஒரு சட்டையின் காலரில் அழுத்தினார். "அந்த வேளச்சேரில சோக்கா கீதாம். டிக்கெட்டத் தொலைச்சிட்டாராம், அங்க ஒரு பொண்ணு அவ்ளோ பொறுமையாம். டிக்கி வரைக்கும் தொறந்து பாத்து எய்திகினு, கதவுல இன்னா சார் கீறல்னு கேட்டுச்சாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு. பேரு கூட சொன்னாரே... ஆங், தமிழினி."

வெயில் நேராகத் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கோகிலவாணி பூட்டிய கேட்டையே பார்த்தாள். இடது பக்கத் தூணில் ஓரமாகப் பச்சையும் சாம்பலுமாக ஒரு பழைய உரசல் இருந்தது. அந்த உரசலின் கதை அவளுக்குத் தெரியும். அவருடைய அப்பா எந்த ஷெட்டில் வேலை பார்த்தார் என்பது தெரியும், பின் சீட்டுக்கு அடியில் யாருடைய செருப்பு என்பது தெரியும். ஏழு வாரம் உட்கார்ந்து கேட்டவள் அவள். இப்போது வேறொருத்தி கேட்கிறாள். அவருக்கு வேண்டியிருந்தது கேள்வி. கேட்பது யாராக இருந்தாலும் சரிதான். அவளுக்குத்தான் அது யாராக இருந்தாலும் சரி என்று ஆகவில்லை. அழுகை வந்தது. இந்தத் தெருவில் யாரும் தெரிந்தவர் இல்லை என்பதால் அதை அடக்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பொன்னுசாமி பதறிப்போனார். "இன்னாம்மா, எதுனா அவசரமா? போன் நம்பர் கீது, போடட்டா? ஒம் பேரு இன்னா சொல்லு, வந்ததும் இன்னார் வந்தாங்கன்னு சொல்லிட்றேன்."

அவள் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேடம், மேடம் என்று எட்டு வாரம் கூப்பிட்டவர் ஒரு நாள்கூட அவள் பெயரைக் கேட்டதில்லை. கோகிலவாணி வந்தாள் என்று இவர் சொன்னால், அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, எனக்கு அப்படி யாரையும் தெரியாதே என்பார்.

கொய்யாப் பையை இஸ்திரி வண்டியின் ஓரத்தில் வைத்தாள். "இதை நீங்க சாப்பிடுங்கண்ணா" என்றாள். "சார்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். யாரும் வரல."